முற்றும் எச்சமும்

ஆதியாகமத்தின் முதல் வாக்கியம் தமிழில் இரண்டு விதமாக முடிகிறது. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்து, புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பில் அது 'சிருஷ்டித்தார்' என்ற வினைமுற்றோடு நின்றுவிடுகிறது. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'படைத்தபொழுது' என்று எச்சமாகி, அடுத்ததற்குள் ஓடிவிடுகிறது. இதை நடை வித்தியாசம் என்று ஒதுக்க முடியாது. முற்று என்றால், முன்பு எதுவும் இல்லை, கடவுள் உண்டாக்கினார். எச்சம் என்றால், அவர் வேலையைத் தொடங்கும்போதே இருளும் நீரும் ஆழமும் அங்கே இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பது பற்றிப் பிரதி வாய் திறப்பதில்லை. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய சர்ச்சை ஒன்று தமிழில் ஒரு விகுதியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஹீப்ரு மூலம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எச்சமாக வாசிக்க வேண்டும் என்று பதினோராம் நூற்றாண்டிலேயே யூத உரைகாரர் ராஷி சொல்லியிருக்கிறார். பாபிலோனியரின் படைப்புக் காவியத்தை ஜார்ஜ் ஸ்மித் 1876-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதுவும் 'அப்போது இன்னது இல்லாதிருக்கையில்' என்கிற ரீதியில்தான் தொடங்கியது. பவர் குழுவினரின் வேலை அதற்கு ஐந்து வருஷம் முன்பே அச்சாகிவிட்டது. இன்னொரு விஷயம்: இல்லாமையிலிருந்து படைப்பு என்ற கொள்கையைப் பழைய ஏற்பாட்டு வரிசையில் வெளிப்படையாகச் சொல்லும் இடம் இரண்டாம் மக்கபேயர் ஏழாம் அதிகாரம். கத்தோலிக்கர் வேதத்தில் அது உண்டு. புராட்டஸ்டண்டுகள் வேதத்தில் இல்லை. ஆகவே அந்தக் கொள்கையின் பாரத்தில் பெரும்பகுதியை ஆதியாகமத்தின் முதல் வரி தாங்கவேண்டியிருக்கிறது. முற்றின்மேல் இவர்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது எனக்கு இதிலிருந்துதான் புரிகிறது. ஆனால் பி.ஏ. வகுப்பில் புராட்டஸ்டண்டு மகாகவி என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட மில்டனே இல்லாமையிலிருந்து படைப்பு என்பதை ஏற்கவில்லை. கடவுள் தம்மிடமிருந்தே பொருளை வெளியிட்டார் என்று லத்தீனில் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1823 வரையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

'சிருஷ்டி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். வடமொழித் தாதுப்படி அதற்கு வெளிவிடுதல், அவிழ்த்துவிடுதல் என்று பொருள். உள்ளேயிருப்பது வெளியே வருகிறது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்னும் சற்காரியவாதத்தைப் பிடித்துக்கொண்ட சைவ சித்தாந்தத்தின் காதில் இந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர்தான் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். கொள்கையை மறுத்தவரின் அகராதியிலிருந்தே கொள்கைக்குச் சொல் எடுக்கவேண்டியிருந்தது. முற்று கிறிஸ்தவமாகவும் அதன் பகுதி சைவமாகவும் நிற்கும் விசித்திரம் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. வெற்றி யாருக்கு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மொழி எந்தக் கட்சிக்கும் முழுக்க வேலைக்காரனாக இருப்பதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நீரின்மேல் அசைவது என்ன என்பதும் இப்படித்தான். ஹீப்ருச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி மூன்றும் பொருள். தமிழ் திணை கேட்கும் பாஷை. பழைய மொழிபெயர்ப்பு 'ஆவியானவர்' என்று மரியாதைப் பன்மையில் உயர்திணையாக்கியது. அத்துடன் திரித்துவத்தின் மூன்றாம் ஆள் முதல் பக்கத்திலேயே பிரவேசித்துவிட்டார். திருவிவிலியத்தில் அது அஃறிணை வினை கொள்கிறது. இங்கிலீஷ்காரன் ஒரு பெரிய எழுத்தில் மழுப்பிவிட்டுப் போகலாம். தமிழன் வினைமுற்றுப் போட்டாக வேண்டும், போட்டால் மாட்டிக்கொள்வான்.

இனி ஆறு நாள் விவகாரம். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, நாள் என்பது இருபத்துநாலு மணி நேரமல்ல என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகஸ்தீன் வாதித்தார். 1650-இல் அஷர் பிஷப் கணக்குப் போட்டுக் கி.மு. 4004 என்றார். பூகர்ப்ப சாஸ்திரம் வளர்ந்ததும், 1814-இல் சால்மர்ஸ் முதல் வசனத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷங்களைச் செருகினார். 1909-இல் ஸ்கோஃபீல்டின் வேதாகமக் குறிப்புகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. வேறு சிலர் நாளையே யுகமாக நீட்டினார்கள். 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் பரிணாமத்தை ஆராயலாம், ஆன்மா மட்டும் கடவுள் நேரே படைப்பது என்று எல்லை வகுத்தார். 1961-இல் அமெரிக்காவில் விட்கோமும் மாரிஸும் திரும்பவும் ஆறு சூரிய நாளுக்கே போனார்கள். எங்கள் வட்டாரத்தில் சுவிசேஷம் சொல்லித் திரிந்த ராக்லண்டு பாதிரியார் 1858-இல் சிவகாசியில் இறந்தார். மறு வருஷம் டார்வின் புத்தகம் வந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

இத்தனை கட்சிகளில் என்னை உறுத்துவது அக்ஷர சுத்தமாக நம்புகிறவர் அல்ல. அவர் குறைந்தபட்சம் சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொள்கிறார். 'அது விஞ்ஞானம் இல்லை, வெறும் கவிதைதான்' என்று பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுக்கிறவர்தான் உறுத்துகிறார். கவிதை என்பது உண்மையில் தோற்றுப்போனதற்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசா? நம்மில் பலரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோம். அவமதிப்பு நமக்குத்தான் என்பது உறைக்கவில்லை. கவிதை என்றால் அதைக் கவிதையாக வாசித்துக் காட்டவேண்டும்.

வாசித்தால் கிடைப்பது இது. முதல் நாள் ஒளி, நாலாம் நாள் சூரிய சந்திரர். இரண்டாம் நாள் வானும் நீரும் பிரிவது, ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் மிருகமும் மனிதனும். முதல் மூன்றும் இடங்கள். பின் மூன்றும் அவற்றில் குடியேறுகிறவர்கள். சூரியனுக்கு முன் ஒளி எப்படி என்ற பழைய கேலிக்கு இங்கே வேலையில்லை. பாபிலோனில் தெய்வமாயிருந்த சூரியன் இங்கே நாலாவதாக வரும் ஒரு விளக்கு. அந்த வரிசையே ஒரு வாதம். ஆறும் இப்படி ஜோடி சேர்ந்துவிட, ஏழாவது நாள் ஜோடியில்லாமல் தனியாக நிற்கிறது. ஒவ்வொரு நாளின் முடிவிலும் வரும் மாலை-காலைப் பல்லவியும் அதற்கு இல்லை. கட்டுக்கோப்பு முழுவதும் அதை நோக்கித்தான் நகர்கிறது. ஆறு நாளை அளப்பதற்காக அடித்துக்கொண்ட கட்சிகள் பலவும் ஏழாவதை வால்போல விட்டுவிட்டன.

அதை விடாத ஒருவர் தெற்கே இருந்தார். நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளைவிட்டுப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். ஏழாம் நாள் சனிக்கிழமைதான் என்று அந்தச் சபை ஓய்வுநாளையே மாற்றிக்கொண்டது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த புத்தகத்தைக் கொண்டே வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையை மறுத்த வாசிப்பு அது. அதை மூடப் பிடிவாதம் என்பவர்கள், எழுத்தை அப்படியே பிடித்துக்கொள்வது சில சமயம் அடிமைத்தனத்துக்கு எதிர்ப்பதமாகவும் இருக்கும் என்பதைக் கவனிக்கவில்லை.

மல்லாங்கிணற்றிலிருந்து இதை எழுதும் எனக்கு அந்தக் கடைசி நாள் வேதாந்த விஷயமாகப் படவில்லை. தீப்பெட்டி ஆபீசும் பயர் ஆபீசும் நிறைந்த இந்த மாவட்டத்தில், எண்ணிக்கைக்குக் கூலி என்றால் ஓய்ந்த நாள் கூலியில்லாத நாள். யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் இந்தப் படைப்புக் கதையைச் சாட்சிக்கு இழுப்பது வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும்கூட ஒரு நாள் ஓயவேண்டும் என்பதற்காக. உலகத்தின் வயது என்ன என்று அது சொல்ல வரவில்லை. எந்த வியாக்கியானம் மேல் என்று கேட்டால், இதைத் தொடாத எதுவும் கவிதையின் கடைசி வரியை வாசிக்கவில்லை என்பேன். முதல் வாக்கியம் முற்றா எச்சமா என்று பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். மாலை வராத அந்த ஏழாம் நாள் எச்சம்தான். இன்னும் முடியவில்லை.