நள்ளிரவு வானொலியும் நம் செவிச் சுவையும்

சுவை என்பது பிறவியில் வருவதன்று, பழக்கத்தால் வருவது. நாவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை செவிக்கும் பொருந்தும். ஆயினும், நாம் விரும்பிக் கேட்டவை மட்டுமே நம் செவியை வளர்த்தன என்று எண்ணுவோமாயின் அது பாதி உண்மையே ஆகும். கேட்க வேண்டுமென்று எண்ணாமலே கேட்க நேர்ந்தவைதாம் நம் சுவையின் எல்லையை விரித்தன. அத்தகைய வாய்ப்பை ஒரு தலைமுறைக்கு அளித்தது நள்ளிரவு வானொலி. அது நமக்குத் தந்தது என்ன, தரத் தவறியது என்ன என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

எழுபதுகளின் இறுதியில் நாங்கள் பெட்டாலிங் ஜெயாவின் பழைய நகரில் குடியிருந்தோம். வீட்டார் உறங்கிய பின்னரே கூடத்து வானொலிப் பெட்டி என் வசமாகும். பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும் வான்மண்டல அடுக்கு, ஞாயிறு மறைந்ததும் கலைந்து போகிறது. தொலைவிலுள்ள நிலையங்கள் அதன்பின் அருகில் வந்துவிடுகின்றன. நேர வேறுபாடும் இதற்குத் துணை நின்றது. அந்நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டு மணி முந்தியிருந்தது. 1982 பிறந்தபோது நம் நேரம் அரைமணி முன்தள்ளப்பட, அவ்விடைவெளி இரண்டரை மணியாயிற்று. ஆகவே, 1952இல் ஆகாசவாணி தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஒலிக்கும்போது இங்கே மணி பதினொன்றரை. தாயகத்தின் முன்னிரவே நமக்கு நள்ளிரவாக வந்து சேர்ந்தது.

அக்காலத்துத் தமிழ் நேயரின் செவியை இருவேறு கொள்கைகள் ஆண்டன. ஒன்று ஆகாசவாணியின் கொள்கை. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை ஒதுக்கிச் சாத்திரிய இசைக்கே முதலிடம் தந்தார். மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை நிலையமே முடிவு செய்யும் ஆசிரியப் போக்கு அது. மற்றொன்று இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக் கொள்கை. மக்கள் எதைக் கேட்கின்றார்களோ அதைக் கொடுக்கும் வணிகப் போக்கு அது. நேயர்கள் கூட்டங்கூட்டமாக இலங்கையின் பக்கம் சாய்ந்தனர். 1957 அக்டோபரில் ஆகாசவாணியும் ‘விவித பாரதி’யைத் தொடங்கி வழிக்கு வந்தது.

இவ்விரண்டையும் குறைத்து மதிப்பிடுவது நன்றியறிதலாகாது. ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் வழிநடத்த, நம் கருவிகளைக் கொண்டே ஒரு கூட்டிசைக் குழுவை 1952இல் அமைத்துச் சோதனை செய்தது அதே ஆகாசவாணிதான். இலங்கை வானொலியோ திரைப்பாடலைப் படத்திலிருந்து பிரித்து நமக்குக் கொடுத்தது. திரை இல்லாத இருட்டில் கேட்கும்போது, நடிகரின் முகம் மறைந்து பாட்டின் முகம் தெரிகிறது. சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையே வரும் சில வினாடி இடையிசையில் இசையமைப்பாளர் எத்தனை துணிவு காட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கும். தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் பாடலற்ற இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, சாதாரணத் தமிழ் நேயரும் அதை மிரளாமல் ஏற்றாரென்றால், அந்த இடையிசைகளே அவர் செவியைப் பண்படுத்தி வைத்திருந்தன எனலாம்.

ஆனால், என் செவியைத் திறந்தவை இவ்விரு கொள்கைகளுக்கும் வெளியே, முள் தவறி நின்ற இடங்களில்தாம் கிடைத்தன. ஓரிரவு மலாய் ஒலிபரப்பில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்து ஒலிக்கக் கேட்டு, இந்திய நிலையமென்றே நினைத்தேன். பாடிய மொழியோ மலாய். மறுநாள் அண்டைவீட்டுப் பாக்சிக்கிடம் கேட்டேன். “அது எங்கள் ஜொகூர் கஸல்” என்றார் அவர் பெருமையுடன். ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாதென்று ஆகாசவாணி 1940இல் அதனை விலக்கி, 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. நம்மவர் வாயிலில் நிறுத்திய கருவியை மலாய் மக்கள் நடுவீட்டில் அமர்த்திப் பாடிக்கொண்டிருந்தனர்!

இன்னோர் இரவு ஓர் ஆங்கில நிலையத்தில் மின்னல் வேகத்தில் ஒரு வயலின். கமகம் நம்முடையது, உடன் ஒலித்த கித்தார் நம்முடையதன்று, அடியில் ஒரு கடம். வெளிநாட்டு அறிவிப்பாளர் தட்டுத்தடுமாறிப் பெயர்களைச் சொன்னார்: எல். சங்கர், விநாயக்ராம், ஜாகிர் உசேன், ஜான் மெக்லாக்லின். குழுவின் பெயர் ‘சக்தி’. அந்தச் சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மைந்தர் என்பதைப் பின்னர் அறிந்தேன். மகிழ்ச்சியோடு ஒரு வெட்கமும் அன்று என்னைப் பற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளையின் புதுமுயற்சியை எனக்கு அறிமுகப்படுத்த, அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாத அந்நியர் ஒருவர் வேண்டியிருந்ததே! ஏன் ஒரு தமிழ்க் குரல் அதைச் செய்யவில்லை?

நம் ஒலிபரப்பில் ஆசிரியர் இருந்தார், வணிகர் இருந்தார். நண்பர் இல்லை என்பதே என் விடை. பி.பி.சி.யின் முதலாம் வானொலியில் 1967 முதல் 2004இல் மறையும்வரை பணியாற்றிய ஜான் பீல் அத்தகைய நண்பர். பங்க் இசையையும் ரெக்கேயையும் ஜிம்பாப்வே நாட்டுக் கித்தார் இசையையும் அவர் ஒரே இரவில் அடுத்தடுத்து வைப்பார். இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டு அசடு வழிவதும் உண்டு. தமக்கே புதிதாயிருந்ததைத் தம் வியப்போடு பகிர்ந்துகொண்டாரேயன்றி, பாடம் நடத்தவில்லை. நேயரின் விருப்பத்துக்குக் காத்திருக்கவுமில்லை.

உழைத்துக் களைத்தவர்க்கு இரவில் பழம்பாடலே ஆறுதல். சோதனை இசை எதற்கு என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்விதான். ஆறுதலைப் பறிக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. பழகியதன் கைபிடித்தே புதியது வீட்டுக்குள் நுழையும். நம் நாட்டு யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழகம்வரை எட்டியதற்கு, 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படப்பாடலொன்றை அடித்தளமாகக் கொண்ட அதன் ‘மடை திறந்து’ ஒரு முதன்மைக் காரணம். இரண்டு பழம்பாடல்களுக்கு இடையே அறியாத ஒன்றை வைத்து, அது ஏன் அங்கே நிற்கிறதென்று இரண்டு வாக்கியம் சொல்வதே அறிவிப்பாளரின் கலை.

இன்று கைப்பேசியில் உலகத்து இசையனைத்தும் கிடைக்கிறது. ஆனால், நேற்றுக் கேட்டதைப் போன்றதையே அது இன்றும் எடுத்து நீட்டுகிறது. இலங்கை வானொலிக்கு நாம் அஞ்சலட்டையில் எழுதியனுப்பிய விருப்பத்தை, இப்போது நாம் எழுதாமலே ஒரு பொறி படித்துவிடுகிறது, அவ்வளவே வேறுபாடு. முள் தவறி நிற்க அங்கே இடமில்லை. இவ்வாறே போனால், இம்மண்ணில் புதிதாக இசையமைக்க முனையும் தமிழ் இளைஞனுக்கு, அவன் திரையிசையின் நிழலில் நின்றாலொழியக் கேட்கும் செவி கிட்டாது.

ஆதலின், மலேசியத் தமிழ் ஒலிபரப்பில் வாரத்திற்கு ஓர் இரவு, ஒரேயொரு மணி நேரம், எவரும் விரும்பிக் கேட்காத இசைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். ஜொகூர் கஸலும் சங்கரின் வயலினும் நம் இளைஞரின் முதல் முயற்சியும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கட்டும். உறக்கம் வராத யாரோ ஒரு சிறுவன் எங்கோ ஓர் அறையில் கேட்டுக்கொண்டிருப்பான். அவனிடம் அப்பெயர்களைத் திருத்தமான தமிழில் சொல்ல ஒரு குரல் இருக்க வேண்டும்.