'மனிபால்' படத்தின் ஓரத்தில் ஒருவர்

'மனிபால்' (2011) படத்தை ஐ.டி.காரர்களிடம் குறை சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு ஓர் ஏழை பேஸ்பால் அணி பணக்கார அணிகளை மிரட்டும் கதை. நமக்காகவே எடுத்த மாதிரி இருக்கும். ஆனால் நாலைந்து முறை பார்த்தபிறகு என் கண் பிராட் பிட்டை விட்டு, ஓரமாக நிற்கும் ஒருவர்மேல் போய்விட்டது. ஓக்லண்ட் அணியின் பயிற்சியாளர் ரான் வாஷிங்டன். நடித்தவர் பிரென்ட் ஜென்னிங்ஸ்.

அவருக்குக் கிடைப்பது ஒரு ஜோக். முழங்கை போய்விட்டதால் ஸ்காட் ஹேட்டெபெர்க் இனிமேல் கேட்சராக ஆட முடியாது. கேட்சர் என்றால் கிட்டத்தட்ட நம் விக்கெட் கீப்பர். அவரை முதல் பேஸில் நிறுத்தப் பார்க்கிறார்கள். அதொன்றும் கஷ்டமில்லை, நீயே சொல்லு வாஷ் என்கிறார் பில்லி பீன். ரொம்ப ரொம்பக் கஷ்டம் என்கிறார் வாஷ், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நாம் சிரிக்கிறோம். காட்சி முடிந்துவிடுகிறது.

என் புகார் அங்கேதான். முதல் பேஸில் நிற்பவர் ஒரு காலைப் பேஸிலிருந்து எடுக்கக்கூடாது. அந்த நிலையிலேயே, தூரத்திலிருந்து வரும் எறி காலடியில் குத்தி எழும்பும் கணத்தில் கையுறையைச் சரியாக வைக்க வேண்டும். கணக்குப் பார்த்து ஹேட்டெபெர்க்கைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட ஹேட்டெபெர்க்குக்கு முதல் பேஸ் ஆடத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது எந்த ஷீட்டும் இல்லை. மைக்கேல் லூயிஸின் மூலப் புத்தகம் (2003) இதற்கு ஓர் அத்தியாயத்தையே கொடுக்கிறது. ஹேட்டெபெர்க் நல்லதாக ஒரு பந்தைப் பொறுக்கிவிட்டால் வாஷ் அவரை மெஷின் என்று கத்திப் பாராட்டுவாராம். பயந்துபோன ஒருவனுக்கு முதலில் தேவை அதுதான். இதையெல்லாம் படம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது.

வாஷின் பயிற்சி பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆட்டக்காரர் முழங்காலில் நிற்பார். எதிரே வாஷ் கிட்டத்திலிருந்து பந்தைத் தரையில் குத்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். காலை உபயோகிக்க முடியாதபோது கைதான் யோசிக்க வேண்டும். தினமும் இதேதான். அறுபது வயது தாண்டியும் இதேதான். சினிமாவுக்கு இது தோதான காட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வாஷை எண்களுக்கு எதிரான பழைய ஆள் என்று வைத்துக்கொள்வது சௌகரியம், ஆனால் தப்பு. 1952இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், 1970இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் அகாடமிக்குப் போனார். ஓட்டவேகம், பார்வை என்று சோதனை வைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுத்து ஆட்டக்காரர்களாக வளர்க்கப் பார்த்த பரிசோதனை அது. அதாவது, மனிபாலுக்கு முப்பது வருடம் முன்பே ஒரு அளவுகோல் பொறுக்கியெடுத்த ஆள் இவர். ஆனால் அதற்குப்பிறகு மேஜர் லீக்கில் நிலைக்கப் பல வருடம் ஆனது. மொத்தம் 10 சீசன், 564 ஆட்டம். பெரிய பெயர் இல்லை. ஒன்று உடம்பில் ஏற எவ்வளவு நாளாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் என்ன?

ஓக்லண்டின் எரிக் சாவேஸ் 2001 முதல் வரிசையாக ஆறு முறை கோல்ட் கிளவ் வாங்கியவர், ஃபீல்டிங்குக்கான பெரிய விருது. அதில் ஒன்றை, நீங்கள் இல்லாமல் இது இல்லை என்ற அர்த்தத்தில் எழுதி வாஷுக்கே கொடுத்துவிட்டார். 2002இல் லீக்கின் சிறந்த வீரரான மிகேல் தெஹாதாவும் வாஷ் தேய்த்தெடுத்த பையன்தான். படத்தில் இந்த இருவருக்கும் ஏறக்குறைய இடமே இல்லை. அவர்கள் வந்தால் கதையின் கணக்கு உதைக்கும். எங்கள் வேலையிலும் டாஷ்போர்டில் டிக்கெட்டை மூடியவன் பெயர்தான் வரும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் பெயர் வராது. இந்தப் படம் அந்த டாஷ்போர்டின் கண்ணாலேயே எடுக்கப்பட்டிருக்கிறது.

படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அதே 2011 அக்டோபரில், நிஜ வாஷ் டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் மேனேஜராக உலகத் தொடரில் நின்றார். ஆறாவது ஆட்டத்தில் இரண்டு முறை, ஒரே ஒரு ஸ்டிரைக் கிடைத்தால் கோப்பை என்ற நிலை. இரண்டு முறையும் நழுவியது. தொடரே போனது. கொக்கெய்ன் விவகாரத்தை ஒப்புக்கொண்டது, 2014இல் பதவி விலகியது எல்லாம் உண்டு. இவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை.

திரும்பவும் வெறும் பயிற்சியாளராக அட்லாண்டாவுக்குப் போனார். திரும்பவும் முழங்கால், குத்திவரும் பந்து. 2021 உலகத் தொடரின் கடைசி அவுட் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு வந்தது. வாஷிடம் பழகிய டான்ஸ்பி ஸ்வான்சன் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தார், ஃப்ரெடி ஃப்ரீமன் பிடித்தார். வாஷுக்கு அப்போது 69 வயது. ஸ்கோர் புத்தகத்தில் அந்த அவுட் 6-3 என்று இருக்கும். 6 ஷார்ட்ஸ்டாப், 3 முதல் பேஸ்.