ஒரு படம் போதாது

மனநோயை போட்டோ எடுக்க முடியுமா? காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைக் காட்டலாம். கால் உடைந்தால் மாவுக்கட்டைக் காட்டலாம். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள், எதிர்வீட்டுக்காரர் சதி செய்கிறார் என்ற பயத்துக்கு கேமரா எந்தப் பக்கம் திரும்பும்?

முகத்தின் பக்கம் என்றார் டாக்டர் ஹியூ வெல்ச் டயமண்ட். இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட மனநலக் காப்பகத்தில் பெண்கள் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். 1850-களில், கேமரா இன்னும் புதுசாக இருந்த காலத்தில், தன் நோயாளிகளை உட்காரவைத்துப் படமெடுத்தார். 1856-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் வாசித்தார். நோய் முகத்தில் தெரியும், நோயாளியிடம் அவர் படத்தையே காட்டினால் குணமாகவும் உதவும் என்பது அவர் நம்பிக்கை. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் படங்களில் அந்தப் பெண்களின் வீடு இல்லை, நேற்று இல்லை, நாளை இல்லை. ஒரு முகம், அதற்கு ஒரு நோயின் பெயர். அவ்வளவுதான். நம்ம சினிமாவில் கலைந்த தலையும் உருட்டுகிற கண்ணுமாக வருகிற 'பைத்தியம்' எல்லாம் இந்தப் பரம்பரைதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு வேலையை டெல்லியில் ஒரு மகன் செய்திருக்கிறார். சோராப் ஹுரா. மேக்னம் என்ற புகழ்பெற்ற போட்டோகிராபர்கள் கூட்டமைப்புக்குள் 2014-ல் நுழைந்தவர். 1999-ல், அவருக்குப் பதினேழு வயசாகும்போது, அம்மாவுக்கு மனச்சிதைவு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். யாரையும் உள்ளே விட அம்மாவுக்குப் பயம். வீட்டுக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. சுவரில் சுண்ணாம்பு உரிய ஆரம்பித்தது. இதையெல்லாம் எழுதுகிற ஹுரா, அம்மா மேல் தனக்கு வந்த கோபத்தையும் மறைக்கவில்லை.

2015-ல் அவரே வெளியிட்ட புத்தகம் 'லைஃப் இஸ் எல்ஸ்வேர்'. முழுக்க கருப்பு வெள்ளை. அம்மா இருக்கிறார், அம்மாவிடமிருந்து விலகி வெளியே சுற்றிய நாட்களும் இருக்கின்றன. நடுநடுவே அவர் கையெழுத்தில் குறிப்புகள். இது அம்மாவின் நோயைப் பற்றிய புத்தகம் என்று சொல்வார்கள். எனக்கென்னமோ, அந்த நோயோடு ஒரே வீட்டில் வளர்ந்த பையனைப் பற்றிய புத்தகம் என்றுதான் படுகிறது. அம்மாவின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த மாதிரி அவர் எங்கேயும் அலட்டிக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் காட்டுகிறார்.

2018-ல் இரண்டாவது புத்தகம். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பாரேன், வெளியே வெயில் வருது!!!' மூன்று ஆச்சரியக்குறியும் அவர் போட்டதுதான். இப்போது கலர். அம்மா, எல்சா என்கிற நாய், கட்டில், வீடு. அம்மா மெல்லத் தேறி வருகிறார். எப்படி? டாக்டர் கைகுலுக்குகிற காட்சியோ, 'சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்' சமாச்சாரமோ கிடையாது. அம்மாவும் எல்சாவும் ஒருத்தரையொருத்தர் கவனித்துக்கொள்கிறார்கள். நாய்க்கு மனச்சிதைவு என்றால் என்னவென்று தெரியாது. அம்மா அதற்கு அம்மாதான்.

மனநோய் விஷயத்தில் ஒற்றைப் படம் எப்போதும் தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. டயமண்டின் படங்களில் நடந்தது அதுதான். இது நேர்க்கோட்டில் போகிற நோய் இல்லை. ஒரு நாள் தேவலை, மறுநாள் மோசம், அதற்கடுத்த வாரம் சிரிப்பு. அதைச் சொல்ல வருஷங்கள் வேண்டும், புரட்டுவதற்குப் பக்கங்கள் வேண்டும். ஹுரா பொறுமையாகப் பத்து வருஷப் படங்களைச் சேர்த்தார். அவற்றிலிருந்து 2019-ல் 'பிட்டர்ஸ்வீட்' என்று ஒரு குறும்படமும் செய்தார்.

குறை இல்லையா? இருக்கிறது. நோய்க்குக் கருப்பு வெள்ளை, குணத்துக்குக் கலர் என்பது கொஞ்சம் சுலபமான கணக்கு. அந்த இருண்ட வருஷங்களிலும் அம்மா ஒரு கலர் புடவையைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்க மாட்டாரா? வெயில் வந்த பிறகு ஒரு நாளும் இருட்டவில்லையா?

இன்னொன்றும் உறுத்துகிறது. கேமரா கடைசிவரை மகன் கையில்தான். 2024-ல் நியூயார்க்கில் மோமா பி.எஸ்.1-ல் நடந்த அவருடைய பெரிய கண்காட்சிக்குப் பெயரே 'மதர்'. ஆனால் அந்த மதர் மகனை எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஓயாமல் கேமராவும் கையுமாக ஒரு பையன், அவன் முகத்தில் ஒரு பயம். அந்தப் பாதி நமக்குக் கிடைக்கவே இல்லை.

இருந்தும் இந்தப் புத்தகங்கள் முக்கியம் என்பேன். நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, ஊட்டி டூர். நடுவில் மூணு வருஷம், நாலு வருஷம் ஒரு படமும் இருக்காது. சித்தி யாரோடும் பேசாமல் இருந்த வருஷங்கள், அண்ணன் ரூமை விட்டு வெளியே வராத வருஷங்கள் அவை. யாரும் கேமராவைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அழித்த வருஷங்கள். ஹுரா அவற்றை அழிக்காமல் ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். அவரைப் படமெடுக்க ஆசைப்பட்டால் முதலில் சம்மதம் கேளுங்கள். அதைவிட, கேமராவை ஒரு நாள் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் எதை எடுக்கிறார் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.