வழுக்கை அணிக்கு ஜே!

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. சதுரங்கப்பாறை ஏற்றத்தில் எங்கள் மேனேஜர் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்குகிறார். மேலே காற்றாலை இறக்கை விர் விர்ரென்று சுற்றுகிறது. ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் அக்கா போனைப் பார்த்துவிட்டு, "இன்னும் நானூறுதான் சார். நின்னுட்டா எப்படி? நடங்க!" என்று அதட்டுகிறார். அவரும் தலையை ஆட்டிவிட்டு நடக்கிறார். உடும்பஞ்சோலையில் இந்த ஆபீசுக்குக் கணக்கெழுத வந்து எனக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. மேனேஜர் முன்னால் அந்த அக்கா குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எல்லாம் ஒரு இலவச ஆப் செய்த வேலை. ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசித் திரிகிறேன். வீட்டில் நான் "ஸ்டெப்ஸ்" என்று வாயைத் திறந்தாலே மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆகவே எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

விதை போட்டவன் என் மச்சினன். சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை. பொங்கலுக்குப் போடிக்கு வந்தவன் இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கேட்டால், "என்னாலதான் டீம் பின்னாடி நிக்குது மச்சான்" என்றான். அவன் வாயால்தான் ஸ்டெபத்லான் பற்றிக் கேள்விப்பட்டேன். 2012இல் மும்பையில் தொடங்கிய அலுவலகப் பந்தயம். அணிக்கு ஐந்து பேர், மொத்தம் 100 நாள். அதில் கலந்துகொண்ட 69,219 பேரின் கணக்கை இதயநோய் மருத்துவர்கள் அலசி 2016இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். ஆளுக்குத் தினமும் சராசரியாக 3,519 அடி கூடியிருக்கிறது, எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. "ஒன்றரைக் கிலோ ஒரு குறைச்சலா?" என்று சிரித்தேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான். அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை.

மலைக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் சொன்னேன். பிப்ரவரி கடைசியில் காய் எடுப்பு ஓய்ந்து வேலை கொஞ்சம் மட்டுப்படும், மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம் என்றார். இருபது பேர், நான்கு அணி. பெயருக்கு அலையவே வேண்டாம், ஏல ரகங்கள் இருக்கின்றனவே: மலபார், மைசூர், வழுக்கை, ஞள்ளானி. மலபாரும் மைசூரும் இயற்கையாகக் கலந்து பிறந்த ரகம்தான் வழுக்கை என்பது ஏலக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மேனேஜர் பிரித்த சீட்டில் வழுக்கை. அவர் தலையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அன்று சாயங்காலம் வரை ஆபீசில் ஒருவராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிமேல்தான் சங்கதியே. வெறும் கூட்டல் போட்டு ஜெயித்தவரை அறிவித்தால் இந்தப் பந்தயம் மூன்றாம் நாளே செத்துவிடும். தோட்டம் சுற்றும் சூப்பர்வைசர் அண்ணன் தினமும் 17,000 அடி நடக்கிறவர். நான் நாற்காலிக்கும் டீக்கடைக்கும் நடந்து 2,300. எனக்கு எதற்குப் போட்டி? ஆகவே முதல் வாரம், "சும்மா ஆப்பைப் பழகிக்கோங்க" என்று மட்டும் சொன்னோம். அந்த வாரச் சராசரிதான் அவரவர் அளவுகோல் என்பதை எட்டாம் நாள் காலையில்தான் அறிவித்தோம். முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பேர் போனை வீட்டில் பூட்டி வைத்திருப்பார்கள், என்னையும் சேர்த்துத்தான். தன் சராசரியைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட நடந்த நாளுக்கு ஒரு புள்ளி. தோட்டக்காரர்கள் தங்கள் பழைய அளவைக் காப்பாற்றினாலே போதும், ஆனால் ஆபீசில் உட்கார்ந்தே இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். இந்தக் கடைசி விதி யாருக்குத் தோன்றியது என்று கேட்காதீர்கள், எனக்குத்தான்.

பத்தாயிரம் அடி கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். 1965இல் ஜப்பானில் யமாசா கம்பெனி ஒரு நடைமானி விற்றது. பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். வியாபாரப் பெயர் உலகத்துக்கே வேதவாக்காகிவிட்டது. 2019இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சராசரி 72 வயதுப் பெண்கள் 16,741 பேரை வைத்துப் பார்த்ததில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இதை அச்செடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஸ்டோர் அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டிங்களே நடக்குறாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தில்லுமுல்லு இல்லாமல் பந்தயம் உண்டா? முதல் ஆளாக மாட்டியவர் ஜீப் டிரைவர் சேட்டன், அவர்மேல் குற்றமில்லை. வண்டியை விட்டு இறங்காதவருக்குத் தினமும் 14,000. போன் குலுங்கலைத்தான் அடியென்று எண்ணுகிறது, எங்கள் எஸ்டேட் ரோடு குலுக்கிய குலுக்கலில் அதற்குத் தலை சுற்றிவிட்டது. விசாரித்தபோது, "ஞான் நடந்நில்ல சாரே, வண்டியா நடந்நது" என்று கையை விரித்தார். காலையிலும் சாயங்காலமும் வண்டி நிற்கும் நேரத்துக் கணக்கு மட்டும் செல்லும் என்று தீர்ப்பானது. மலபார் அணியில் ஒருவர் நிஜமாகவே கில்லாடி. போனைப் பிள்ளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார். ஆப்பில் மணிவாரியாகப் பார்த்தால் ராத்திரி மூன்று மணிக்கு 600 அடி! இங்கே யானை நடமாடும் காடு. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள், ஊரே அதைப் பேசியது. அதனால் காலை ஆறரைக்கு முன்னால் நடந்தால் புள்ளி கிடையாது என்பதே எங்கள் முதல் விதி. "அண்ணே, யானைக்கும் பயப்படாம மூணு மணிக்கா நடந்தீங்க?" என்று ஞள்ளானிக்காரர்கள் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறேன். பதினோரு வருஷமாக 'ஏழாம் பிளாக், ஆள் 14' என்று கூலிக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஏழாம் பிளாக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சூப்பர்வைசர் அண்ணன்தான் கூட்டிப்போனார். ஓர் இறக்கம், ஓர் ஓடை, மறுபடி நெஞ்சு முட்ட ஏற்றம். ஆப்புக்கு மேடு பள்ளம் எதுவும் தெரியாது, சமதளத்து அடிக்கும் அதே ஒன்றுதான். அங்கே அண்ணன் குனிந்து சருகை விலக்கிக் காட்டினார். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கிற ஏலச்செடியின் தூரில், மண்ணை ஒட்டி இளம் சரம் கிளம்பியிருந்தது. காய் மேலே இலைகளுக்கு நடுவில் காய்க்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது தவறு, ஏலக்காயில் சோறு தின்கிற நானே தூரில் சரம் கிளம்புவதை நின்று பார்த்தது அன்றுதான். "இதைக் குனிஞ்சு குனிஞ்சு எடுக்கிறவங்களுக்குத்தான் சார் நீங்க ஆள் 14ன்னு எழுதுறது" என்றார் அண்ணன். கேலியாகத்தான் சொன்னார். அடுத்த வாரமும் அதே பிளாக்குக்குப் போனேன்.

2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது ஊரோடு சேர்ந்து நானும் ஜீப்பில் போய், நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, முழங்கால் வலி என்று சீக்கிரம் திரும்பியவன். அந்த முழங்கால் இப்போது தினம் 7,000 அடி போகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்க்கிற பழக்கம் போயே போய்விட்டது. ஐந்து பேர் கொண்ட மைசூர் அணியில் நான்கு பேர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றால் ஐந்தாவது ஆள் எப்படித் தூங்குவது?

கடைசி நாளுக்கு வருகிறேன். வழுக்கையும் ஞள்ளானியும் சமமாக நின்றன. மேனேஜருக்கு அன்றைய புள்ளி கிடைத்தால் வழுக்கைக்குக் கோப்பை, கோப்பை என்றால் ஒரு எவர்சில்வர் பிளாஸ்க். எல்லோரும் சதுரங்கப்பாறை ஏறினோம். அக்காவின் அதட்டலில் அவர் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது கீழே தேனி மாவட்டச் சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. ஆனால் சிக்னல் இல்லை. ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அடிவாரத்துத் தமிழ்நாட்டு டவர் ஒன்று மேனேஜர் போனைப் பிடித்தது. எண் மாறியது.

"வழுக்கைக்கு!" என்று டிரைவர் சேட்டன் கத்தினார்.

"ஜே!" என்றோம். மேனேஜர் பாறையில் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டார். அக்கா பரிசு பிளாஸ்கிலிருந்தே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"ஜூன்ல காய் எடுப்பு தொடங்கறதுக்குள்ள இன்னொரு ரவுண்டு வைக்கணும் சார். அதுல நான்தான் கேப்டன்."

"சரிங்க" என்றார் மேனேஜர்.