நன்றி கூறினால் போதுமா?

அண்மையில் ஒரு கவிதைத் தொகை நூல் மதிப்புரைக்கென நம் மேசைக்கு வந்தது. 60 கவிஞர்கள், நல்ல தாள், கண்ணுக்கு நிறைவான அச்சு. தேர்விலும் பழுதில்லை. ஆயினும் முன்னுரையின் ஈற்றில், இக்கவிதைகளை முன்னர் வெளியிட்ட இதழ்களுக்கு நன்றி என்னும் ஒரே ஒரு வரிதான் உண்டு. கவிஞர்களைக் கேட்டதாக எங்கும் குறிப்பில்லை. அவர்களுள் நாமறிந்த மூவரை வினவினோம். தம் கவிதை நூலேறிய செய்தியே மூவருக்கும் நாம் சொல்லித்தான் தெரிந்தது.

தொகுப்பாளர் தீய நோக்கினர் அல்லர். இதழில் வந்த கவிதை இதழுக்கே உரியது, அதன் ஆசிரியர் இசைந்தால் போதும் என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. இதழில் ஊதியம் பெற்றுப் பணிபுரிபவர் அதற்கென எழுதியதற்கே இதழ் உரிமை கோரலாம். அதுவும் இதழ்களில் வெளியிடும் அளவில்தான். வேறு ஒப்பந்தம் இல்லையேல் நூலாக்கும் உரிமை எழுதியவருடையதே. அஞ்சலில் கவிதை அனுப்பிய வெளியாரைப் பற்றியோ கூற வேண்டியதில்லை. எழுத்து மூலம் மாற்றித் தந்தாலன்றி அவர் உரிமை அவரை விட்டு நீங்காது. மாற்றித் தந்த பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில், அம்மாற்றமும் 5 ஆண்டுகளோடு முடிந்துவிடும்.

மறைந்தவர் கவிதைக்குக் கேட்க ஆளில்லை என்பது மற்றொரு மயக்கம். கவிஞர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளிடம் நிற்கும். (முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது, 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீட்டியது.) 2016இல் மறைந்த இன்குலாபின் கவிதைகளுக்கு 2076 இறுதி வரையிலும், 2017இல் மறைந்த கவிக்கோ அப்துல் ரகுமானின் கவிதைகளுக்கு 2077 இறுதி வரையிலும் இசைவு வேண்டும். குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களை எவரும் தொகுக்கலாம்; ஆனால் அவற்றுக்கு நம் காலத்தார் எழுதிய உரையை அள்ளிக்கொள்ள இயலாது.

இந்நூலில் நம்மை மிகவும் வருத்தியது இக்பால் பகுதி. 1938இல் மறைந்த அல்லாமா இக்பாலின் மூலக் கவிதைகள் இந்நாட்டில் இன்று பொதுவுடைமை. அவற்றின் தமிழாக்கமோ மொழிபெயர்த்தவரின் தனிப் படைப்பு. அதற்குத் தனி உரிமை உண்டு. நான்கு தமிழாக்கங்களை எடுத்தாண்ட தொகுப்பாளர், இசைவு பெறாதது ஒருபுறம் இருக்க, மொழிபெயர்த்தவர் பெயரைக் கூட அச்சிடவில்லை. உர்தூவில் எழுதிய இக்பால் தாமே தமிழிலும் எழுதினார் போலும்!

மற்றொரு கவிதையின் கடைசி மூன்று வரிகள் காணப்படவில்லை. பக்கத்தில் இடம் போதாமையே காரணம் என்று தோன்றுகிறது. பெயர் விளங்கவும், தம் புகழுக்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுக்கவும் படைத்தவருக்குச் சட்டத்தின் 57ஆம் பிரிவு உரிமை வழங்குகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் இவ்வுரிமை அவரிடமே இருக்கும்.

சட்டம் சில வாயில்களையும் திறந்தே வைத்திருக்கிறது. திறனாய்வுக்காக நாம் சில வரிகளை மேற்கோள் காட்டலாம். உரிமை கடந்த எழுத்துகளே பெரும்பகுதியாக அமைந்த பாடநூல் தொகுப்பில், ஒரே ஆசிரியரின் சிறு பகுதிகள் இரண்டினை, 5 ஆண்டுகளில் ஒரே பதிப்பகம் சேர்க்கலாம். இத்தொகை பாடநூலன்று, திறனாய்வுமன்று. வாரிசு யாரெனத் தெரியாதவிடத்து, நாளிதழில் அறிவித்து, உரிய மன்றத்தில் விண்ணப்பித்து உரிமம் பெறவும் வழியுண்டு. ஆனால் இந்நூலில் உள்ளோரில் பெரும்பாலோர் ஓர் அஞ்சலட்டைத் தொலைவில் இருப்பவர்கள். எந்தக் கவிதை, எத்தனை படிகள், மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் பொருந்துமா, கைம்மாறு யாது என்று நான்கு வரி எழுதிக் கையொப்பம் பெறுவது அரிய காரியமன்று.

நாம் வினவிய மூவரும் பணம் கேட்கவில்லை. அவர்களுள் முதியவர் மட்டும், நூலின் படி ஒன்று கிடைக்குமா என்றார். மூன்று வரி இழந்த கவிதை அவருடையது. மதிப்புரைக்கு வந்த படியை அவருக்கே அனுப்பிவிட்டோம்.