நகரைச் சுற்றிய கண், கல்லைத் தொடர்ந்த கண்

ஒரு சட்டத்துள் அடங்காத காட்சியைப் பல பகுதிகளாகப் படம்பிடித்து, அச்சுகளைப் பக்கவாட்டில் இணைத்து, ஒரே நீள்படமாக விரிப்பதைப் பனோரமா என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்கள் பெருநகரங்களை இம்முறையில் எடுப்பதைத் தம் தொழில் திறத்துக்கு உரைகல்லாகக் கருதினர். எதனையும் விட்டுவிடவில்லை என்று சொல்லாமற் சொல்வது இவ்வகைப் படம். ஆகவே இதனை மதிப்பிடப் புகுவோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, விடுபட்டது யாது என்பதேயாம்.

தலைநகரில் வாழும் நமக்கு அண்மையான சான்று, கிரிமியப் போரைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற பெலிசே பியாட்டோ, 1858-ஆம் ஆண்டளவில் ஜும்மா மசூதியின் மினாரிலிருந்து எடுத்த தில்லிக் காட்சி. காமிராவை ஓரிடத்தில் நிறுத்திச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததனோடு பொருந்துமாறு எடுத்திருக்கிறார். மாடிகளும் குவிமாடங்களும் சந்துகளும் தொடுவானம்வரை விரிகின்றன. நேர்த்தியில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவ்வளவு பெரிய நகரில் ஆள் நடமாட்டத்தைக் காண்பது அரிது.

காரணங்கள் இரண்டு. அக்காலத் தகட்டில் காட்சி பதியச் சில நொடிகளேனும் வேண்டும். நடந்து செல்பவர் பதியார். இது கருவியின் குறை. மற்றது வரலாறு. 1857 செப்டம்பரில் தில்லியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், நகர மக்களை வெளியேற்றினர். பியாட்டோ ஏறி நின்ற மசூதியே படையின் வசம் இருந்தது. 1862-இல்தான் அது திருப்பித் தரப்பட்டது. மசூதிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட குடியிருப்புகள் இடித்துத் தள்ளப்பட்டன. படத்திலோ இவ்விரு வெறுமைகளும் ஒன்றாகவே தோன்றுகின்றன. நொடிப்பொழுதில் நழுவியவர் யார், துரத்தப்பட்டவர் யார் என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை. கோப்பில் ஏறாதது நிகழவேயில்லை என்று கொள்ளும் அலுவலக வழக்கம் நாம் அறியாததன்று. இப்படமும் அவ்வாறே அமைதியாகக் கையொப்பமிடுகிறது.

இப்படங்களை வாங்கியோர் யார் என்பதையும் நோக்க வேண்டும். பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் இங்கிலாந்து வாசிகளுமே. 1861-இல் பியாட்டோ தம் இந்திய, சீனப் படங்களை லண்டனில் ஸ்டூடியோ நடத்திய ஹென்றி ஹெரிங்குக்கு விற்றார். வென்ற நகரை மேலிருந்து முழுமையாகக் காணும் நிறைவே அங்கு விலைபோன சரக்கு. அதே பியாட்டோ லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் எடுத்த படத்தில் மாண்டோரின் எலும்புகள் முன்னிற்கின்றன.

அதே 1858-இல் மற்றொரு நீள்படம் தஞ்சையில் உருவாயிற்று. சென்னை அரசின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப், பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து இணைத்தார். நீளம் ஏறத்தாழ 19 அடி. டிரைப்பும் கும்பினிப் படையைச் சேர்ந்தவரே. அவரை அறவோராகக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அவர் கண் சென்ற வழி வேறு. உயரத்தில் நின்று சுழலாமல், கல்லின் அருகே வரிவரியாக நகர்ந்தது அது. அவர் படத்திலும் மக்கள் முகம் இல்லை. எனினும் அக்கோயிற் கல்வெட்டுகள், இராசராசனும் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகளைப் பெயர் சொல்லிக் கூறுவன. முகம் இல்லாவிடத்தும் பெயர் எஞ்சிற்று. சென்னை அரசு 1860-இல் அப்புகைப்படப் பணியையே நிறுத்திவிட்டது.

பியாட்டோவை ஒதுக்கிவிடலாம் என்பது நம் கருத்தன்று. அழிந்த தில்லியின் தெருவமைப்பைத் தேடுவோர்க்கு அவர் படம் இன்றியமையாதது. அதனைக் கட்டடங்களின் பதிவாக ஏற்போம். நகரின் பதிவாக ஏற்பதற்கில்லை. நகரென்பது அதில் வாழ்வோர். ஊர் விட்டு ஊர் வந்து, இந்நகரின் தெருக்களில் குடியேறி வாழும் நாம் இதனைப் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை.