குஷ்பு அக்காவும் ஒரு சொல்லும்

2023 நவம்பரில் எங்கள் கம்பெனி வேனில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேச்சு. மடத்துக்குளம் நால்ரோட்டில் இருட்டோடு ஏறினால் திருப்பூர் போய் இறங்குவதற்குள் ஊர் உலகத்தை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். முதலில் மன்சூர் அலிகான் திரிஷாவைப் பற்றிச் சொன்னது. ‘லியோ’ படத்தில் தனக்கு அவரோடு படுக்கையறைக் காட்சி இல்லாமல் போனதே என்று பத்திரிகையாளர்கள் முன்னால் குறைப்பட்டுக்கொண்டார் அல்லவா, அது. டெய்லர், செக்கிங், கைமடி என்று எந்த வேறுபாடும் இல்லாமல் அத்தனை பேரும் அவரைத் திட்டித் தீர்த்தோம். சினிமாக்காரிக்கு நடந்தது என்று யாரும் ஒதுக்கவில்லை. சூப்பர்வைசர்களின் வாயை நினைத்துக்கொண்டே திட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பேச்சு குஷ்பு பக்கம் திரும்பியது. இங்கே வேன் இரண்டாகப் பிரியும் என்று எதிர்பார்த்தேன். பிரியவில்லை. “பொம்பளைக்காகத்தானே பேசுச்சு அந்த அக்கா. ஒத்த வார்த்தையப் புடிச்சுட்டுத் தொங்கறாங்க பாருங்க” என்றார் முன்சீட்டில் இருந்தவர். ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் நால்ரோட்டில் ஏறுகிறவள் அல்ல. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறுவாள். அந்த நிறுத்தத்தின் பெயர் என்னவென்று கேட்டால் எங்களில் யாருக்கும் தெரியாது. “காலனி” என்போம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது குஷ்பு தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினர், பா.ஜ.க.வில் இருப்பவர். திரிஷாவுக்காக உடனே குரல் கொடுத்தார், ஆணையமும் நடவடிக்கை கேட்டது. அது சரியான செயல். மணிப்பூர்ப் பெண்களுக்கு நடந்தபோது இந்தக் குரல் எங்கே போனது என்று தி.மு.க. ஆதரவாளர் ஒருவர் எக்ஸ் தளத்தில் கடுமையான சொற்களில் கேட்டார். அதற்குப் பதிலாக குஷ்பு ஆங்கிலத்தில் எழுதிய பதிவில்தான் அந்தச் சொல் வந்தது. உங்களுடைய “சேரி மொழி” தனக்குப் பேச வராது என்று எழுதினார். நீலம் பண்பாட்டு மையம் கண்டித்தது. எதிர்ப்புகள் எழுந்தன. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பதிவை மறைக்கவும் இல்லை. எழுதியது நான்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை என்றார். பிரெஞ்சு மொழியில் சேரி என்றால் அன்புக்குரியது, கிண்டலாகச் சொன்னேன் என்றார். பிறகு வேளச்சேரி, செம்மஞ்சேரி என்று அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறதே, அதெல்லாம் தவறா என்று கேட்டார்.

பிரெஞ்சு விளக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரின் பெயரே புதுச்சேரி. அதை அன்பின் பெயர் என்று அவர்களே சொல்லவில்லை.

இரண்டாவது விளக்கத்தை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. சேரி என்பது சேர்ந்து வாழும் இடம். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர்களின் ஊரே சேரிகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வந்தால் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் மற்றவர்களின் சேரிகள் எல்லாம் தெரு, அக்கிரகாரம், நகர் என்று பெயர் மாற்றிக்கொண்டு போய்விட்டன. யாரை ஊருக்கு வெளியே வைத்தார்களோ அவர்கள் தலையில் மட்டும் அந்தச் சொல் தங்கிவிட்டது. வேளச்சேரிக்காரர் யாரும் தம் ஊர்ப்பெயரால் புண்படுவதில்லை. அவர் பேசுவதை “வேளச்சேரி மொழி” என்று யாரும் திட்டியதும் இல்லை. சேரி என்ற சொல்லுக்குப் பின்னால் “மொழி” வந்து நிற்கும்போது அது ஊரைச் சொல்லவில்லை, ஆட்களைச் சொல்கிறது. அதுவும் எப்படிப்பட்ட ஆட்கள்? கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள், அடக்கம் தெரியாதவர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரம் பேசப்பட்டவற்றில் ஆபாசமானது ஒரு சினிமா நடிகர் பத்திரிகையாளர்களிடம் பேசியது. அதில் சேரிக்கு எந்தப் பங்கும் இல்லை. குஷ்புவிடம் கேள்வி கேட்டவரின் ஊரோ சாதியோ யாருக்கும் தெரியாது. ஆனாலும் அசிங்கத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டபோது கைக்கு வந்தது இந்தச் சொல்தான்.

வேனில் இருந்தவர்கள் குஷ்புவை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் அவருக்காக அழுதவள். ‘சின்னத்தம்பி’ 1991இல் வந்தது. எங்கள் கொங்குப் பக்கத்து வாய்க்காலும் வயலும் திரையில் வந்ததே எங்களுக்குப் பெருமை. அண்ணன்மார் காவலில் வளர்ந்த ஒரு பெண், தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். எங்கள் வீடுகளில் அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது, சினிமாவாகப் பார்க்க முடிந்தது. இட்லிக்கு அவர் பெயர் வைத்தோம். திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். மும்பையில் பிறந்து, தமிழைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, இங்கேயே வீடும் வாழ்வும் என்று ஆகிப்போனவர்.

அதைவிட முக்கியமானது 2005. திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி ‘இந்தியா டுடே’ ஏட்டில் அவர் ஒரு கருத்துச் சொன்னார். படித்த ஆண் எவனும் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்ற அளவில்தான். தமிழ்ப் பெண்களின் மானம் போய்விட்டது என்று கொதித்தார்கள். துடைப்பமும் செருப்பும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது முட்டையும் தக்காளியும் வீசினார்கள். 20க்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. அந்த ஐந்து வருடமும் அவர் பக்கம் நின்றவர்களில் இந்தப் புத்தகத்தைப் படிக்கிற, எழுதுகிற பெண்கள் நிறையப் பேர். அன்று எதிர்த்தவர்களின் முன்வரிசையில் பா.ம.க.வோடு விடுதலைச் சிறுத்தைகளும் இருந்தார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்போது குஷ்பு தொலைக்காட்சியில் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பே தேவைப்படாத ஒன்றுக்காக 2005இல் கேட்டார். தேவைப்பட்ட ஒன்றுக்கு 2023இல் மறுத்தார்.

2005இல் அவரை எதைக் கொண்டு அடித்தார்கள்? தமிழ்ப்பெண் இப்படிப் பேச மாட்டாள், குடும்பப் பெண் இப்படிப் பேச மாட்டாள் என்ற அளவுகோலைக் கொண்டு. அடக்கமாகப் பேசுகிறவள் இந்தப் பக்கம், வாயாடி அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு, நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்போம். சத்தமாகச் சிரித்தால், தெருவில் நின்று சண்டை போட்டால், மாராப்பு விலகினால், “என்ன இது, சேரி மாதிரி” என்பார்கள். பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கத்தில் முதல் பாடமே இன்னொரு பெண் மாதிரி இருக்காதே என்பதுதான். அந்த இன்னொரு பெண்ணுக்குச் சாதி உண்டு. 2017இல் பிக் பாஸ் முதல் பருவத்தில் ஓவியாவைப் பார்த்து காயத்ரி ரகுராம் “சேரி பிஹேவியர்” என்றபோதும் இதே பாடம்தான் ஒலித்தது. ஓவியா என்ன செய்தார்? நினைத்ததைப் பேசினார், சத்தமாக இருந்தார். அதனால்தான் சொல்கிறேன், 2005இல் குஷ்பு மேல் விழுந்த அடியும் 2023இல் அவர் எழுதிய சொல்லும் ஒரே பட்டறையில் அடித்தவை. அடி வாங்கியவருக்கு அந்தப் பட்டறை தெரிந்திருக்கும் என்று நம்பினோம். எங்களுக்கு வலித்தது அதனால்தான். அவரைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. அன்று அவரோடு நின்றதற்கு நான் வருந்தவும் இல்லை.

பிரபலங்கள் இப்படி மாட்டிக்கொள்வது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. யுவராஜ் சிங் 2020இல் ரோகித் சர்மாவோடு நேரலையில் பேசும்போது சக வீரர் ஒருவரைத் துப்புரவுச் சாதியின் பெயரால் கிண்டலடித்தார். வருத்தம் தெரிவித்தார், ஆனாலும் வழக்கு நடந்தது, 2021இல் கைதாகி ஜாமீனில் வெளியே வந்தார். அதே சொல்லை ஒப்பனை பற்றிய காணொளியில் சொன்ன தொலைக்காட்சி நடிகை முன்முன் தத்தா, மொழி சரியாகத் தெரியாததால் பொருள் தெரியவில்லை என்றார். ஆனால் தான் அப்படித் தோற்றமளிக்க விரும்பவில்லை என்பதற்காகத்தானே அந்தச் சொல்லைச் சொன்னார்? பொருள் தெரியாமல் அந்த வாக்கியத்தையே சொல்லியிருக்க முடியாது. அமெரிக்காவில் பாலா டீன் என்ற சமையல் நட்சத்திரம், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தான் பயன்படுத்தியது உண்டு என்று வழக்கு ஒன்றில் ஒப்புக்கொண்டார். 2013இல் அது வெளியே வந்ததும் தொலைக்காட்சி நிறுவனம் அவரை விட்டுவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. இன்னும் வெளிவராத அவருடைய சமையல் புத்தகத்துக்கு முன்பதிவு குவிந்து, அமேசான் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கடைசியில் பதிப்பகமே புத்தகத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ரசிகர்கள் எல்லோரும் இனவெறியர்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும், எங்கள் வேனில் பார்த்திருக்கிறேனே. அவர்கள் காப்பாற்றியது தங்கள் சொந்த நாக்கை. அவர் சொன்னது தவறென்றால் நான் நேற்று வீட்டில் சொன்னதும் தவறு என்று ஆகிவிடும்.

“அவங்களுக்குத் தமிழ் அவ்வளவாத் தெரியாதுங்க்கா” என்று வேனில் ஒருத்தி குஷ்புவுக்காக வாதாடினாள். யோசித்தால் அந்த வாதம் நம்மைத்தான் திருப்பிக் குத்துகிறது. 1980களின் கடைசியில் வந்து, கேட்டே தமிழ் கற்றவர் யாரிடம் கேட்டுக் கற்றார்? சேரி என்றால் இழிவு என்பது எந்த அகராதியிலிருந்தும் அவருக்குக் கிடைத்திருக்காது. நம் வசனங்களிலும் நம் பேச்சிலும் கிடைத்திருக்கும்.

நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறேன், முன்பு வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிய ஒரு நாள், பிசிறு வெட்டும் மேஜையில் இரண்டு பெண்களுக்குள் பீஸ் எண்ணிக்கையில் தகராறு. குரல் ஏறியது. நான் எழுந்து போய், “காலனிப் பேச்செல்லாம் இங்க வேண்டாம்” என்றேன். எங்கள் பக்கத்தில் சேரி என்று அதிகம் சொல்வதில்லை, காலனி என்போம், வளவு என்போம். வேலை ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருத்தி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “நாங்க பேசறது வேற பாஷைங்களாக்கா?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் அந்த அர்த்தத்துல சொல்லல.” குஷ்புவின் விளக்கத்தைப் படித்தபோது என் குரல் எனக்குக் கேட்டது. என்னிடம் பிரெஞ்சு இல்லை, அவ்வளவுதான்.

கெட்ட வார்த்தை இல்லாத பேச்சு நல்ல பேச்சு என்றும் நம்பிக்கொண்டிருக்கிறோம். மடத்துக்குளத்துக்குப் பக்கத்திலிருக்கும் குமரலிங்கத்து இளைஞர் சங்கரை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். வேறு சாதியில் பிறந்த கௌசல்யாவைத் திருமணம் செய்துகொண்டதற்காக. அப்படிப்பட்ட திருமணங்களுக்கு அரசியல் மேடைகளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: நாடகக் காதல். எந்த ஆபாசமும் இல்லாத, பெரிய மனிதர்கள் மைக்கில் சொல்லக்கூடிய சொல். அதை யாரும் சேரி மொழி என்று சொன்னதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் பயன்பாட்டிலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. எங்கள் வேன் டிரைவர் இன்றைக்கும் “காலனி வந்தாச்சு, கதவத் தெறங்க” என்றுதான் சொல்கிறார். வேறு பெயர் கேட்டால் நாங்களே திணறுவோம்.

அன்று ஜன்னலோரம் இருந்தவளிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டேன், குஷ்பு விஷயம் பேசியபோது ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. சிரித்தாள். சின்னத்தம்பியை எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லையாம். அவள் அம்மா குஷ்பு மாதிரி வேண்டுமென்று கேட்டு வாங்கிய சேலை ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். குஷ்புவின் ரசிகர்கள் ஒரு பக்கம், சேரி இன்னொரு பக்கம் என்று அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோமே, இவளை எந்தப் பக்கம் எண்ணியிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“அவங்க சொன்னதுக்கு எனக்கு அவ்வளவு இல்லீங்க்கா. நீங்கெல்லாம் ஆமா ஆமான்னீங்கல்ல, அதான்” என்றாள்.